மண்வள அட்டையில் விட்டுப்போன ஒரு வரி

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கம் கோடையில் போனால், கை நுழையும் அளவுக்கு நிலம் வெடித்துக் கிடக்கும். செத்த மண் மாதிரி தெரியும். ஆனா விஷயமே அங்கதான் இருக்கு.

கரிசலில் உள்ள களி, ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்து வைத்து, மழை நின்ற பிறகும் வாரக்கணக்கில் வேருக்குக் கொடுக்கும். கிணறே இல்லாத மானாவாரிக் காட்டில் உளுந்து, கம்பு, பருத்தி, மல்லி எல்லாம் விளைவது இப்படித்தான். எவ்வளவு ஈரம் சேரும் என்பது கரிசல் எத்தனை அடி ஆழம் என்பதைப் பொறுத்தது. ஆழமான கரிசலில் பருத்தி தாக்குப்பிடிக்கும். ஓரடிக்குக் கீழே பாறை தட்டினால் உளுந்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

2015-ல் வந்த மண்வள அட்டையில் தழைச்சத்து முதல் போரான் வரை 12 அளவுகள் உண்டு. ஆழம்? இல்லை. மாதிரி எடுப்பதே மேல்மண்ணில்தான். என்ன உரம் போடலாம் என்று சொல்லும் அட்டை, மழையை நம்பி விதைப்பவரிடம் எந்தப் பயிர் தாங்கும் என்று சொல்வதில்லை. பயிர் கருகினால் விதை, உழவு, கடன் எல்லாமே அவர் தலையில்.

இதற்கு லேப் கூட வேண்டாம். மாதிரி எடுக்கப் போகும்போதே ஒரு குழி தோண்டி, ஆழத்தை அட்டையில் எழுதிக் கொடுத்தால் போதும்.