மூத்திரம் போனாளா என்று யார் கேட்டீர்கள்?

என் மகளுக்கு நாலு வயது. வயித்தோட்டம் தொடங்கி மூன்றாம் நாள் ரத்தமும் சளியுமாகப் போனது. தூக்கிக்கொண்டு ஓடினோம். வயிற்றைக் கட்டுகிற மருந்து தந்தார்கள். போக்கு நின்றதும் அல்ஹம்துலில்லாஹ் என்று மூச்சு விட்டோம். ஏழாம் நாள் காலை பிள்ளை வெளிறி, கண்ணிமை வீங்கிக் கிடந்தாள். முந்தின நாள் காலையிலிருந்து அவள் ஒரு சொட்டு மூத்திரமும் போகவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த ரத்தத்தை எத்தனை பேரிடம் காட்டினேன்! காய்ச்சல் பார்த்தார்கள், வயிற்றை அமுக்கினார்கள், துண்டு எழுதித் தந்தார்கள். "மகள் மூத்திரம் போறாளா?" என்று ஒருவர், ஒரேயொருவர்கூடக் கேட்கவில்லை. சொந்தக்காரர்களோ என்னைப் பார்த்தார்கள். "என்னத்தத் தின்னக் குடுத்தாய்?"

ஊர் கடந்து கொண்டுபோன இடத்தில்தான் விளங்கப்படுத்தினார்கள். குடலுக்குள் புகுந்த ஒருவகை பாக்டீரியா விஷம் சுரக்கிறது. ஷிகா விஷம் என்று பெயர். அது ரத்தத்தோடு போய்ச் சிறுநீரகத்தின் நுண்ணிய நாளங்களைப் புண்ணாக்குகிறது. அங்கே ரத்தம் கட்டி அடைக்கிறது. அந்த அடைப்புக்குள் நெருங்கிப் போகிற சிவப்பணுக்கள் கிழிந்து சிதைகின்றன. வயித்தோட்டம் தொடங்கி ஐந்து முதல் பத்து நாளுக்குள், பிள்ளை தேறிவிட்டாள் என்று நினைக்கிற நேரத்தில்தான், இது தலைகாட்டும். ரத்தமாகப் போகிற பிள்ளைக்கு வயிற்றைக் கட்டுகிற மருந்து கொடுக்கவே கூடாதாம். இதைக் கேட்டபோது, அந்த மருந்தைக் கரண்டியில் ஊற்றிக் கொடுத்த என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அவள் வயிற்றில் குழாய் போட்டுக் கழிவை எடுத்தார்கள். ரத்தம் ஏற்றினார்கள்.

இது நேற்று வந்த நோயா? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியர்கள், ஷிகெல்லா கிருமியால் வரும் வயிற்றுளைவுக்குப் பிறகு பிள்ளைகளின் சிறுநீரகம் செயலிழப்பதை 1978இலேயே எழுதிவிட்டார்கள். தமிழ் பேசுகிற வீட்டுப் பிள்ளைகளின் உடம்பில் கண்ட உண்மை அது. கடல் தாண்டி எங்கள் கரைக்கு வர இன்னும் எத்தனை வருசம் வேண்டும்? அமெரிக்காவில் 1993இல், இதே விஷத்தைச் சுரக்கிற வேறொரு கிருமி இருந்த, சரியாக வேகாத பர்கரால் நாலு பிள்ளைகள் மவுத்தானார்கள். பெற்றவர்கள் கத்தினார்கள். அடுத்த வருசமே, அந்தக் கிருமி இருக்கிற அரைத்த மாட்டிறைச்சியை விற்கக் கூடாது என்று அரசு சொன்னது. எங்கள் பிள்ளைகளுக்காகக் கத்தினால் யாருக்குக் கேட்கும்? இலங்கையில் சிறுநீரக நோய் என்றாலே அனுராதபுரத்து, பொலன்னறுவை விவசாயிகள்தான் நினைவுக்கு வருவார்கள். அவர்கள் துயரமும் பெரிதுதான். அதற்காக என் பிள்ளை கணக்கில் இல்லாமல் போக வேண்டுமா?

எங்கள் கரையில் மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை போய்ப் பாருங்கள். கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒரு துண்டு மணல். அதில் தோளோடு தோள் ஒட்டிய வீடுகள். சுனாமிக்குப் பிறகு நெருக்கம் இன்னும் கூடியது. எங்கள் நாலு பேர்ச் வளவில் கிணற்றுக்கும் கக்கூஸ் குழிக்கும் நடுவே பதினைந்து அடி. மணல் எதைத் தடுக்கும்? நுளம்புக் குடம்பி தேடிப் பூச்சட்டியைக் கவிழ்த்துப் பார்க்கிறவர்கள், பிள்ளை படுத்த பிறகும் அந்தக் கிணற்றில் ஒரு போத்தல் தண்ணீர் எடுத்துச் சோதிக்கவில்லை. தண்ணீரா, இறைச்சியா, பச்சைப் பாலா, எது என் மகளைத் தின்றது? சொல்ல ஆளில்லை.

அவள் இருக்கிறாள். பிரஷர் குளிசை குடிக்கிறாள். விடியப்புறம் சுபஹ் தொழுகைக்கு முன் எழுப்பிச் சட்டியில் குந்த வைப்பேன். அந்தச் சத்தம் கேட்கும் வரைக்கும் என் நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும்.