சமையலறை அலமாரியும் பச்சை ஸ்டிக்கரும்



வீட்டைப் புதுப்பிக்க நினைக்கிறவர்கள் இப்போதெல்லாம் முதலில் கைவைப்பது சமையலறையில்தான். முன்பு பொங்கலுக்கு வெள்ளை அடித்து, புகை படிந்த சுவரைச் சுரண்டுவதோடு வேலை முடிந்துவிடும். இன்று மேலேயும் கீழேயும் அலமாரி, இழுப்பறை, கம்பிக்கூடை என்று லட்சக் கணக்கில் செலவாகிறது. பிளைவுட், மைக்கா, கீல், பசை விற்கும் நம் உறுப்பினர்களில் பலருக்கு இந்த வியாபாரம்தான் கடை வாடகையைக் கொடுக்கிறது. நாமும் நாற்பது ஆண்டுகளாகப் பலகை மொத்த வியாபாரத்தில் இருக்கிறோம். அந்த உரிமையில் ஒரு விஷயத்தை மனம் திறந்து எழுதுகிறோம்.

வாடிக்கையாளர் இப்போது புதிதாக ஒரு கேள்வி கேட்கிறார். "அண்ணாச்சி, உடம்புக்கும் சுற்றுச்சூழலுக்கும் கெடுதல் இல்லாத பலகையா வேணும். வீட்ல கைக்குழந்தை இருக்கு." இதற்கு நம் கடைகளில் கிடைக்கும் பதில் என்ன? ஷீட்டின் மூலையில் ஒட்டியிருக்கும் இலை படம் போட்ட பச்சை ஸ்டிக்கரைக் காட்டி, "இப்ப எல்லாமே கிரீன்தான் சார்" என்கிறோம். ஸ்டிக்கரில் என்ன எழுதியிருக்கிறது என்று நாமே படித்ததில்லை. பெரிய ஷோரூம்காரர்களிடம் ஏ.சி. இருக்கிறது, கம்ப்யூட்டரில் படம் வரைந்து காட்டுகிறார்கள். நம்மிடம் இருப்பது சரக்கைப் பற்றிய அறிவு ஒன்றுதான். அதையும் ஸ்டிக்கருக்கு விட்டுக் கொடுத்துவிட்டால் நம் கடைக்கு எதற்காக ஒருவர் படியேற வேண்டும்?

பலகையில் கெடுதல் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் மரத்தில் இல்லை, பசையில் இருக்கிறது. சாதாரண எம்.ஆர். ரகப் பிளைவுட், எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு ஆகியவற்றில் பெரும்பாலானவை யூரியா பார்மால்டிஹைடு பசையில் ஒட்டப்பட்டவை. அந்த யூரியா வயலுக்குப் போடுகிற யூரியாவேதான். இந்தப் பசை விலை மலிவு, சீக்கிரம் இறுகும். ஆனால் ஈரமும் சூடும் பட்டால் மெல்லப் பிரிந்து பார்மால்டிஹைடு வாயுவை வெளியே விடும். புது லோடு இறக்கி இரண்டு நாள் கிடங்கைப் பூட்டி வைத்துத் திறந்தால் கண் எரிகிறதே, அது இந்த வாயுதான். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. மரத்தூள் அதற்கு முன்பே, 1995-இல், அந்தப் பட்டியலுக்குப் போய்விட்டது. வீட்டுக்காரருக்கு முன்னால் இதைச் சுவாசிக்கிறவர் மூக்கில் துணிகூடக் கட்டாமல் அறுக்கும் நம் ஆசாரி என்பதை யாரும் நினைப்பதில்லை.

இட்லிக் குண்டான் ஆவி, குக்கர் ஆவி, கழுவுகிற தொட்டியின் கீழே எப்போதும் ஒரு சொட்டு ஈரம். இந்தப் பசைக்கு நம் சமையலறையைவிடப் பொருந்தாத இடம் வேறு கிடையாது. பி.டபிள்யூ.பி. எனப்படும் 710-ஆம் எண் மரைன் பிளைவுட்டில் இருப்பது பீனால் பார்மால்டிஹைடு பசை. பெயரில் பார்மால்டிஹைடு இருந்தாலும் இது ஒருமுறை இறுகிவிட்டால் ஈரத்தில் எளிதில் பிரியாது, வாயு விடுவதும் மிகக் குறைவு. ஓரத்தைப் பார்த்தால் பசைக்கோடு கரும்பழுப்பாகத் தெரியும். சாயம் கலந்து கோட்டைக் கறுப்பாக்குகிற மில்களும் உண்டு. ஆகவே கண்ணை மட்டும் நம்பாமல் ஒரு துண்டை வெட்டிக் கொதிநீரில் போட்டுப் பாருங்கள். 710-க்கான சோதனையே 72 மணி நேரம் கொதிக்க வைப்பது. அவ்வளவு நேரம் வேண்டாம், போலிச் சரக்கு அதில் ஒரு பங்கு நேரம்கூடத் தாங்காது.

எண்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பிளைவுட்டுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கி மத்திய அரசு 2024-இல் தரக்கட்டுப்பாட்டு ஆணை பிறப்பித்தது. நல்லது. ஆனால் 303, 710 என்ற எண்கள் முதலில் சொல்வது ஒட்டு தண்ணீரைத் தாங்குமா என்பதைத்தான். வாயு எவ்வளவு வருகிறது என்பதைச் சொல்வது ஈ-1, ஈ-2 என்ற வகுப்பு. ஈ-1 என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் 0.124 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்று ஐரோப்பியர்கள் வகுத்தது. ஈ-0 என்பது அவர்கள் தரநிலையில் இருந்த வகுப்பு அன்று, மற்ற நாடுகளிலும் கம்பெனிகளிலும் வழக்குக்கு வந்த பெயர். யார் சோதித்தார்கள், எந்த அளவு என்று கம்பெனியிடம் சான்றிதழ் நகல் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளாமல் ஈ-0 என்று வாயால் சொல்லி விற்பது, தராசில் கட்டை விரலை வைப்பது போன்றதுதான்.

இனி மரத்துக்கு வருவோம். பலகை வாங்கினால் காடு அழியும் என்று படித்த பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் அது உண்மை. நாம் தொழிலுக்கு வந்த புதிதில் அசாம் சரக்கு என்றால் தனி மதிப்பு, அதெல்லாம் இயற்கைக் காட்டு மரம். நம் நீலகிரி மாவட்டத்துக் கூடலூர்க் காடு வெட்டப்படுவதை எதிர்த்து கோதவர்மன் திருமுல்பாடு என்பவர் உச்ச நீதிமன்றம் போனார். அந்த வழக்கில் 1996 டிசம்பர் 12-இல் வந்த உத்தரவு நாடு முழுதும் காட்டு மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தியது, வடகிழக்கு மாநிலங்களிலிருந்து மரம் வெளியே வருவதையும் நிறுத்தியது. அன்று தொழிலே போயிற்று என்று கதறாத பலகை வியாபாரி இல்லை. நடந்தது வேறு. ஹரியானாவில் யமுனா நகர் மில்கள் விவசாயி வயலில் வளர்த்த பாப்லர், யூகலிப்டஸ் மரங்களைக் கொண்டு எழுந்தன. கேரளத்தில் பெரும்பாவூர் ரப்பர் மரத்தைக் கொண்டு எழுந்தது. பால் வற்றிய ரப்பர் மரம் எப்படியும் வெட்டப்பட வேண்டியது, முன்பு அடுப்புக்குத்தான் போயிற்று. நம் தமிழ்நாட்டு விவசாயிகளும் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி ஊக்குவித்த மலைவேம்பைச் சில ஆண்டுகளில் வெட்டி மில்லுக்குக் கொடுக்கிறார்கள். ஆகவே, "உள்ளே இருப்பது தோட்டத்து மரம், நட்டவரும் வெட்டியவரும் விவசாயி" என்று பல சரக்குகளுக்கு நாம் தைரியமாகச் சொல்லலாம். மேல்முக வெனீர் மட்டும் வேறு கதை. அது வெளிநாட்டுக் காட்டு மரமாக இருக்கக்கூடும், கேட்டுத் தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும்.

"மரமே வெட்டாத பலகை" என்று பி.வி.சி. போர்டை விற்கிறார்களே, அதுதான் நமக்குப் புரியவில்லை. அது பிளாஸ்டிக். தண்ணீருக்கும் கரையானுக்கும் அசையாது, உண்மைதான். தொட்டிக்குக் கீழே போடலாம், நாமும் விற்கிறோம். அடுப்பின் பக்கத்தில் சூட்டுக்கு இளகி வளையும், தீப்பிடித்தால் அமிலப் புகை விடும், உடைந்தால் எந்த மண்ணிலும் மக்காது. இதற்கும் இலை படம் ஒட்டி விற்பது எந்த ஊர் நியாயம்?

கரும்புச் சக்கைப் பலகை, நெல் உமிப் பலகை போன்றவற்றுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. பிளைவுட் 18-லேயே நிற்கிறது. சக்கைப் பலகை மேல் அலமாரிக்கு நன்றாக உழைக்கும், ஈரம் படும் இடத்துக்கு வேண்டாம். அதிலும் பசை உண்டு, எந்தப் பசை என்ற கேள்வியும் அப்படியே உண்டு. வரி குறைந்த சரக்கு என்பதற்காக மட்டும் வாங்கி அடுக்கிவிட்டுப் பிறகு புலம்ப வேண்டாம்.

இப்போது நாம் சொல்லப் போவது பலகை வியாபாரி வாயில் வரக்கூடாத வார்த்தை என்று சில நண்பர்கள் கோபிக்கலாம். நம் ஊர்ச் சமையலறைக்குக் கெடுதல் குறைந்த அலமாரி, பலகை குறைவாகப் போட்ட அலமாரிதான். நம் வீடுகளில் மேடைக்குக் கீழே கடப்பாக் கல் தடுப்பும் தட்டும் வைத்துக் கட்டுவது பழைய வழக்கம். அது ஊறாது, உப்பாது, கரையான் தின்னாது, வாயு விடாது. சுரங்கத்தில் வெட்டி எடுப்பதுதான் என்றாலும் ஒருமுறை வைத்தால் பேரன் காலம்வரை கிடக்கும். அதை இடித்துக் குப்பையில் போட்டுவிட்டு, அதே இடத்தில் பிளைவுட் பெட்டி செய்து வைப்பதைத்தான் இப்போது புதுப்பித்தல் என்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 14 அடி நீள மேடைக்குக் கீழே இரண்டடி அகலத்தில் ஏழு பெட்டி. ஆழம் 22 அங்குலம், உயரம் 30 அங்குலம். ஒரு பெட்டிக்கு இரண்டு பக்கம், அடிப்பலகை, நடுத்தட்டு சேர்த்து 16 சதுர அடிக்குக் கொஞ்சம் அதிகம். ஏழு பெட்டிக்குக் கழிவோடு எட்டுக்கு நாலு அளவில் நாலு ஷீட், முதுகுப் பலகை தனி. கதவுகளுக்கு மொத்தமே 35 சதுர அடிதான், ஒன்றேகால் ஷீட்டில் முடிந்துவிடும். கடப்பாக் கல்லை அப்படியே விட்டு, சட்டம் அடித்துக் கதவு மட்டும் புதிதாகப் போட்டால் நாலு ஷீட் மிச்சம். அந்த மிச்சப் பணத்தில் கதவுக்கு 303-க்குப் பதில் 710 போடலாம், நல்ல கீல் வாங்கலாம். பழைய மரக்கடையில் வீடு இடித்த தேக்குச் சட்டம் கிடைத்தால் இன்னும் விசேஷம்.

வேலை வரிசையையும் நாமே வாடிக்கையாளருக்குச் சொல்லித் தரலாம். முதலில் குழாயும் கழிவுநீர்ப் போக்கும் சரிபார்க்க வேண்டும், பிறகு மின்சாரப் பாயிண்ட், பிறகு கல்லும் டைல்ஸும், மரவேலை கடைசியில்தான். சுவர் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் வெளிப்பக்கம் மட்டும் மைக்கா ஒட்டி, உட்புறத்தையும் அறுத்த ஓரத்தையும் மொட்டையாக விட்டுவிடுகிறார்கள். வாயு அதிகம் கசிவதும் ஈரம் ஏறுவதும் அந்த ஓரத்தில்தான். ஓரப்பட்டி சுற்றிலும் ஒட்டச் சொல்லுங்கள், கீலுக்குப் போட்ட துளையையும் அடைக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்து சில வாரங்களுக்கு அலமாரிக் கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்தால் காசில்லாமல் பாதி நன்மை.

இதிலெல்லாம் ஒரு முட்டுக்கட்டை உண்டு, அதைப் பேசாமல் விடக்கூடாது. அதுதான் ஆசாரி கமிஷன். ஷீட் ஒன்றுக்கு இவ்வளவு என்று நாமே பழக்கிவிட்டிருக்கிறோம். ஷீட் குறைந்தால் அவர் வரும்படி குறையும். அப்படியிருக்க, "கடப்பாக் கல்லை வைத்துக்கொள்ளுங்கள்" என்று அவர் எப்படிச் சொல்வார்? அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எண்ணிக்கைக்குக் கொடுப்பதை நிறுத்தி, ஒரு வீட்டு வேலைக்கு இவ்வளவு என்று கொடுக்க நம் ஊர்க் கடைகள் எல்லாம் சேர்ந்து முடிவு செய்தால்தான் நடக்கும். தனிக்கடை செய்தால் அந்தக் கடைக்கு ஆசாரி வரமாட்டார். இந்த வேலைக்குத்தான் சங்கம் இருக்கிறது.

இரண்டாவது, பில். இப்போது பெரும்பாலோர் "பிளைவுட் 18 எம்.எம்." என்று எழுதி எண்ணிக்கையும் தொகையும் போடுகிறோம். அதோடு ஐ.எஸ். எண், பசையின் பெயர், சான்றிதழ் இருந்தால் வாயு வகுப்பு, உள் மரத்தின் பெயர் நான்கையும் எழுத வேண்டும் என்பது நமது கோரிக்கை. தெரியாததை "தெரியாது" என்றே எழுதலாம். இரண்டு முறை தெரியாது என்று எழுதினால் மூன்றாம் லோடுக்கு மில்காரரிடம் கேட்டு வாங்கிவிடுவோம். அடுத்த செயற்குழுவில் இந்த இரண்டையும் பொருளில் சேர்க்கும்படி செயலாளருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம்.

நமது கடையில் ஆடி மாதம் முதல் பில்லில் இப்படித்தான் எழுதி வருகிறோம். வீட்டு வேலைக்குக் கமிஷன் என்ற ஏற்பாடு பிடிக்காமல் மூன்று ஆசாரிகள் வேறு கடைக்குப் போனார்கள். ஒருவர் கார்த்திகையில் திரும்பி வந்திருக்கிறார். கடப்பாக் கல்லை விட்டுவைத்துக் கதவு மட்டும் போட்ட வீட்டுக்காரர் தம் தங்கை வீட்டு வேலையையும் அவரிடமே கொடுத்துவிட்டாராம். அவர் வாங்கிப் போனது ஒன்றரை ஷீட் 710.