இரைச்சலைத் துடைக்கிறேன் என்று குரலைத் துடைக்காதீர்கள்

கணினியில் மைக் சரியில்லை என்று யாரிடம் சொன்னாலும் இப்போது ஒரே பதில்தான். "ஒரு சாஃப்ட்வேர் போட்டுக்குங்க சார், ஒரே கிளிக், ஸ்டுடியோ மாதிரி ஆயிடும்." நாடி பார்க்காமல் மருந்து எழுதும் இந்த வைத்தியத்தை நான் எதிர்க்கிறேன்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, மைக் எங்கே இருக்கிறது என்பதுதான். பேசுகிறவர் மடிக்கணினிக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கிறார். தலைக்கு மேல் மின்விசிறி, சுற்றிலும் வெறும் சுவர், கீழே டைல்ஸ். மைக் பாவம், எல்லாவற்றையும் சேர்த்துத்தான் கேட்கும். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். 60 சென்டிமீட்டரை 15 ஆக்கினால் 12 டெசிபல். மின்விசிறிச் சத்தம் இருந்த அளவிலேயே இருக்கும். காசு செலவில்லாமல், குரலில் ஒரு கீறல்கூட விழாமல் கிடைக்கும் லாபம் இது. திரைச்சீலையை இழுத்து விடுங்கள், தரையில் ஜமுக்காளம் விரியுங்கள், எதிரொலி அடங்கும். மே மாதத்துப் புதுச்சேரியில் மின்விசிறியை நிறுத்தச் சொல்கிறானே என்று திட்டாதீர்கள். விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பதிவு செய்யுங்கள்.

இனி அந்த ஒரே கிளிக் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஆர்என்நாய்ஸ் என்று ஓர் இலவச இரைச்சல் நீக்கி இருக்கிறது. அது ஒலியை 10 மில்லி விநாடித் துண்டுகளாக நறுக்குகிறது. ஒவ்வொரு துண்டையும் பல அலைவரிசைப் பட்டைகளாகப் பிரித்து, எந்தப் பட்டையை எவ்வளவு உள்ளே விடலாம் என்று தீர்மானிக்கிறது. பேச்சு எது, இரைச்சல் எது என்று மாதிரிகளைக் காட்டி அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் பேச்சு என்று அதற்குத் தோன்றாதது எல்லாம் வெட்டுப்படும். தம்புராவை ஓயாத இரைச்சல் என்று எண்ணி இப்படிப்பட்ட நீக்கிகள் அமுக்கிவிடுவது இணையத்தில் பாட்டுச் சொல்லித் தருகிறவர்களுக்குத் தெரியும். ஜூம் செயலியில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்று தனியே ஓர் ஏற்பாடு வைத்திருப்பது இதனால்தான்.

பேச்சுக்கும் இதே கதிதான். ஸ, ஷ, ஹ என்ற ஒலிகள் காற்று உரசுவதால் பிறப்பவை. அவற்றின் இயல்பே இரைச்சலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் படித்தது பிரெஞ்சு வழியில். அந்த மொழியில் மீனுக்கும் 'புவாஸோன்', விஷத்துக்கும் 'புவாஸோன்'. தமிழில் இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுத முடிகிறது. மீனில் வருவது வெறும் காற்றுச் சீறல். விஷத்தில் அந்தச் சீறலோடு தொண்டையின் அதிர்வும் சேரும். டிக்தே எழுதிய பிள்ளைகளுக்கு அந்தச் சீறல்தான் மதிப்பெண். அதை மழுங்கடித்துவிட்டுச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது ஆபத்து!

விளையாட்டு இருக்கட்டும். எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். எங்கள் ஊரில் சொல்தா குடும்பங்களில் சைகோனைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் சிலர் மிஞ்சியிருக்கிறார்கள். தொண்ணூறைத் தொட்ட குரல்கள். மூச்சுக் கலந்து வரும், வாக்கியத்தின் கடைசிச் சொல் தேய்ந்து போகும், நடுவில் ஒரு பெருமூச்சு விழும். பாரிசிலிருந்து வரும் பேரப்பிள்ளைகள் ஆசையாகப் பதிவு செய்கிறார்கள். பிறகு ஒரு கிளிக். தேய்ந்த சொல் காணாமல் போகிறது, பெருமூச்சு போகிறது, தாத்தா தண்ணீருக்கடியிலிருந்து பேசுகிறார். இடம் போதவில்லை என்று மூலப் பதிவையும் அழித்துவிடுகிறார்கள். இனி யாரிடம் போய்த் திரும்பச் சொல்லச் சொல்வது?

அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவனுக்கு ஒரு பாடம் எலும்பில் ஊறியிருக்கும்: மூல ஆவணத்தில் கை வைக்காதே, திருத்தமெல்லாம் நகலில். ஒலிக்கும் அதே விதிதான்.

குக்கர் விசிலுக்கு நடுவே அலுவலகக் கூட்டத்தில் பேச வேண்டியவருக்கு இந்த நீக்கிகள் உதவும். தாராளமாகப் பயன்படுத்தட்டும். அந்தப் பேச்சு அன்றோடு முடிந்தது. வைத்துக் காப்பாற்ற வேண்டிய குரலுக்கு முறை வேறு.

மைக்கைப் பக்கத்தில் வையுங்கள். குரலின் உச்சம் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில் நிற்கட்டும். அளவு மீறி உடைந்த ஒலியை முழுதாக மீட்க வழியில்லை. வேவ் கோப்பாகச் சேமித்து, அதைத் தொடாமல் இரண்டு இடத்தில் வையுங்கள். பிறகு ஒரு நகல் எடுத்து, 2000-த்திலிருந்து இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டியில் திறங்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைக் குறையுங்கள். மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகலும் மேஜை தட்டும் சத்தமும் அடங்கும். யாரும் பேசாத இரண்டு மூன்று விநாடியை மாதிரியாகக் காட்டி, இரைச்சலை 6 டெசிபல் மட்டும் குறையுங்கள். ஹெட்போனில் கேளுங்கள். சொல் தேய்ந்தால் ஒரு படி பின்வாங்குங்கள்.

பின்னணியில் கொஞ்சம் காக்கைச் சத்தம் மிஞ்சினால் மிஞ்சட்டும் நண்பர்களே. அதுவும் அந்த வீட்டில் அன்று காலை இருந்ததுதான்.