புழுதிக்கும் ஒரு கணக்கு உண்டு



கீழே கடை, மேலே வீடு என்று இருப்பவர்கள் நம்மில் பலர். நானும் அப்படித்தான். அடுத்த மனையில் அடுக்குமாடிக் கட்டடம் எழும்பியபோது, அங்கே தங்கியிருந்த வேலையாட்களுக்கு அரிசி, பருப்பு மூட்டை என் கடையிலிருந்தே போனது. அதனால் புழுதியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. பேத்திக்கு இழுப்பு வந்த பிறகுதான் புத்தி வந்தது.

பெரிய மண் துகள் மூக்கிலேயே தங்கிவிடும். கல்லும் கான்கிரீட்டும் அறுக்கும்போது பறக்கும் நுண்தூள் நுரையீரலின் அடிவரை போகும். அதில் உள்ள சிலிக்கா கெடுதலானது.

வீட்டில் துடைப்பத்தால் பெருக்கினால் தூசி மறுபடி காற்றில்தான் எழும்பும்; ஈரத்துணியால் துடையுங்கள். வேலை நடக்கும்போது அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கள். வேலை நின்றதும் திறந்துவிடுங்கள். எந்நேரமும் அடைத்தே வைத்தால் அடுப்புப் புகை உள்ளேயே தங்கும். வாசலில் ஈரச்சாக்கு போடுங்கள்.

ஆனால் நாம் துடைத்துக்கொண்டே இருப்பதா? காற்றில் தூசி அளவு மீறிய நகரங்களில் மணலையும் மண்ணையும் மூடி வைக்க வேண்டும், நீர் தெளிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2018-இல் மத்திய அரசு விதி செய்துள்ளது. தனியாளாகக் கேட்டால் வாடிக்கை போய்விடுமே என்ற பயம் நமக்கு. அதற்குத்தானே சங்கம்? எடைக்கல் முத்திரைக்கும் லைசென்சுக்கும் பேசும் நம் சங்கம் இதற்கும் பேச வேண்டும்.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர இருக்கிறேன். உறுப்பினர்கள் ஆதரவு தர வேண்டுகிறேன். அந்த மூட்டைகளில் வந்த லாபத்தைவிட டாக்டருக்கும் மருந்துக்கும் நான் கொடுத்தது அதிகம்.