பாக்கிச் சம்பளமும் இல்லாத காகிதமும்

காளவாசல் சிக்னலைச் சுற்றியுள்ள கடைகளிலும் ஓட்டல்களிலும் நியமனக் கடிதம் இல்லாமலே வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஏராளம். வேலையை விட்டு நின்றதும் "கணக்கை அப்புறம் பார்க்கலாம்" என்கிறார் முதலாளி. சில தடவை நடந்துவிட்டு, கையில்தான் எழுத்தே இல்லையே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை.

2019இல் இயற்றப்பட்ட ஊதியச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1936ஆம் ஆண்டின் பழைய சட்டம் கடைசியாக 24,000 ரூபாய் வரை மாதச் சம்பளம் வாங்கியவர்களுக்கே பொருந்தியது. இப்போது அந்த வரம்பு இல்லை. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வந்துவிட வேண்டும். நீங்களாக நின்றாலும் அவர்கள் நிறுத்தினாலும் 2 வேலை நாட்களுக்குள் பாக்கியைத் தீர்க்க வேண்டும்.

முக்கியமானது இதுதான்: சம்பளம் வரவில்லை என்று தொழிலாளி மனுச் செய்தால், கொடுத்தாயிற்று என்று நிரூபிக்க வேண்டியவர் முதலாளி. அங்கே வேலை பார்த்தோம் என்பதை நாம் காட்டினால் போதும். வங்கியில் விழுந்த பழைய சம்பளம், ஜிபே வரவு, வாட்ஸ்அப்பில் வந்த ஷிப்ட் தகவல், கூட வேலை பார்த்தவரின் சாட்சி எல்லாமே உதவும். பேசிய தொகையில் தகராறு வந்தாலும், அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே இறங்க முடியாது. அதற்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்பு என்று 1982இலேயே, டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

வாங்கிய அட்வான்ஸைப் பிடிக்கலாம், அதில் தவறில்லை. சரக்கு குறைந்தது, தட்டு உடைந்தது என்றால் மட்டும், உங்கள் கவனக்குறைவுதான் காரணம் என்று காட்டி, உங்கள் விளக்கத்தையும் கேட்ட பிறகே பிடிக்க வேண்டும். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

பலர் நேராகக் காவல் நிலையத்துக்குப் போகிறார்கள். சம்பள பாக்கியை வசூலித்துத் தருவது போலீஸ் வேலையல்ல. எழுத்தில் கேட்டு, பதிவுத் தபாலில் அனுப்பி, அந்த ரசீதோடு தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். 3 ஆண்டு அவகாசம் உண்டு. பாக்கியோடு அதன் 10 மடங்கு வரை இழப்பீடும் விதிக்கலாம். கட்டாத முதலாளியிடம் நிலவரி பாக்கியைப் போலக் கலெக்டர் மூலம் வசூலிக்கலாம்.

முழுத் தொகையும் கைக்கு வராமல், "கணக்கு முடிந்தது" என்ற வவுச்சரில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.