ஆள் பஞ்சமா, கூலிப் பஞ்சமா?

நடவுக் காலம் வந்தால் நிலச்சுவான்தார்கள் பாடும் பல்லவி ஒன்று உண்டு: “கூலிக்கு ஆளே கிடைக்கவில்லை!” 2006இல் நூறு நாள் வேலைத் திட்டம் வந்தபோது அனுபல்லவியும் சேர்ந்துகொண்டது: “சர்க்கார் காசு கொடுத்து ஜனங்களைச் சோம்பேறி ஆக்கிவிட்டது!” நீங்கள் கொடுக்கும் கூலி என்ன என்று கேட்டால் மட்டும் பாட்டு நின்றுவிடும்.

கொரோனா கொஞ்சம் தணிந்த 2021இல் அமெரிக்க ஹோட்டல் முதலாளிகளும் இதே பாட்டைத்தான் பாடினார்கள். கடைகள் திறந்தன, ஜனங்கள் சாப்பிட வந்தார்கள், சமைக்கவும் பரிமாறவும் ஆள் இல்லை. வந்தவர்கள் காத்திருந்து சலித்துத் திரும்பினார்கள். “யாருக்கும் வேலை செய்ய மனமில்லை” என்று வாசலிலே எழுதி ஒட்டிய முதலாளிகளும் உண்டு.

தொழிலாளிக்கா மனமில்லை? கணக்கைப் பார்ப்போம், தோழர்களே!

2020 ஏப்ரல், அந்த ஒரே மாதத்தில் அமெரிக்க உணவு விடுதிகளிலும் மதுக்கடைகளிலும் சுமார் 55 லட்சம் வேலைகள் பறிபோயின. கடையை மூடவைத்தது நோய்தான், ஒப்புக்கொள்வோம். ஆனால் வேலையில் நீடித்தவர்களின் கதி என்ன? கலிபோர்னியாவில் ஆராய்ச்சியாளர்கள் 2020 மார்ச் முதல் அக்டோபர் வரையிலான சாவுக் கணக்கைத் தொழில்வாரியாக ஆராய்ந்தார்கள். சமையல்காரர்களின் சாவு வழக்கத்தைவிட 60 சதவீதம் கூடியிருந்தது! காற்றோட்டமில்லாத அடுப்படியில் தோளோடு தோள் உரச நின்று வெந்தவர்கள் அவர்கள்.

இந்த உழைப்புக்குக் கூலி என்ன? அமெரிக்க மத்திய சட்டப்படி, பரிமாறும் தொழிலாளிக்கு முதலாளி தன் கையிலிருந்து கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர். 1991 முதல் இதில் ஒரு காசு ஏறவில்லை! மீதியைச் சாப்பிட வந்தவர் வைக்கும் டிப்ஸில் தேடிக்கொள்ள வேண்டும். டிப்ஸும் சேர்த்து 7.25 டாலர் தேறாவிட்டால்தான் முதலாளி ஈடுகட்ட வேண்டும். கலிபோர்னியா உள்ளிட்ட ஏழு ராஜ்யங்கள் மட்டுமே இந்த அநியாயத்தை ஏற்காமல் முழுக் குறைந்தபட்சக் கூலியையும் முதலாளியே கொடுக்கச் செய்தன.

வேலையிழந்தோருக்கு சர்க்கார் 2020இல் வாரம் 600 டாலரும், பின்னர் 300 டாலரும் கூடுதல் நிவாரணம் கொடுத்தது. “இதுதான் சோம்பேறித்தனத்துக்குக் காரணம்!” என்று முதலாளிகள் கூப்பாடு போட்டார்கள். ஏறத்தாழ பாதி ராஜ்யங்கள் 2021 கோடையிலேயே அதை வெட்டின. ஆள் வந்து குவிந்ததா? இல்லை! அந்த ஆகஸ்டில் மட்டும் ஹோட்டல், உணவு விடுதித் தொழிலிலிருந்து சுமார் 9 லட்சம் பேர் தாமாகவே விலகினார்கள். வயிற்றில் அடித்தால் ஆள் வருவான் என்ற கணக்கு பொய்த்துப்போனது.

“கூலி ஏறினால் விலை ஏறும், விலை ஏறினால் வாடிக்கைக்காரர் ஓடிவிடுவார்” என்பது அடுத்த பயமுறுத்தல். நாடெங்கும் கிளைகள் கொண்ட சிபோட்லே கம்பெனி 2021இல் சராசரிக் கூலியை மணிக்கு 15 டாலராக உயர்த்தியது. பண்டங்களின் விலையையும் சுமார் 4 சதவீதம் ஏற்றியது. வாடிக்கைக்காரர் ஓடினாரா? அந்த ஆண்டு அதன் வரவு 26 சதவீதம் பெருகியது! பெருக்கத்துக்குக் கூலி ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை. கூலி கொடுத்தால் கடை படுத்துவிடும் என்ற வாதம்தான் படுத்துவிட்டது என்கிறோம்.

சிறு கடைக்காரர் என்ன செய்வார் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அவர் கழுத்தை நெரித்தது பரிமாறுகிறவரின் கூலியா? வீட்டுக்கு உணவு கொண்டுபோகும் செல்போன் கம்பெனிகள் 100 டாலர் ஆர்டரில் 30 டாலர் வரை கமிஷன் பிடித்தன. இந்தப் பகற்கொள்ளை பொறுக்காமல்தான் நியூயார்க் நகரம் 2020இல் டெலிவரிக் கமிஷனுக்கு 15 சதவீத உச்சவரம்பு கட்டியது. சிறு கடைக்காரர் கோபப்பட வேண்டிய இடம் அது, அடுப்படி அல்ல.

தொழிலாளிகள் சும்மா இருக்கவில்லை. 2021 டிசம்பரில் பஃபலோ நகரத்து ஸ்டார்பக்ஸ் காப்பிக்கடை ஒன்றில் ஓட்டெடுப்பு நடத்திச் சங்கம் கண்டார்கள். அந்தப் பொறி நூற்றுக்கணக்கான கிளைகளுக்குப் பரவியது. பெரிய துரித உணவுக் கம்பெனிகளின் கடைகளில் மணிக்கு 20 டாலர் குறைந்தபட்சக் கூலி என்ற சட்டம் 2024 ஏப்ரல் 1 முதல் கலிபோர்னியாவில் அமலுக்கு வந்தது. இவை யாரும் தட்டில் வைத்து நீட்டிய தானமல்ல, போராடிப் பெற்றவை.

போன வாடிக்கைக்காரரைத் திரும்ப அழைக்க விளக்குத் தோரணம் போதாது. சமைக்கும் கை நிலைத்தால் ருசி நிலைக்கும். பரிமாறுகிறவர் வயிறு நிறைந்தால் வந்தவர் மனம் நிறையும்.

மில் வாசலிலோ வயல் வரப்பிலோ “ஆள் கிடைக்கவில்லை” என்று எவராவது புலம்பினால் மூன்று கேள்வி கேளுங்கள்: கூலி என்ன? வேலை நேரம் என்ன? நோயில் விழுந்தால் கதி என்ன? தனியாகக் கேட்காதீர்கள், சேர்ந்து கேளுங்கள்!