நானாவின் சி.ஆர். கொப்பி



போன கிழமை வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய், மருதானையிலுள்ள எங்கள் இதழ் அலுவலகத்துக்குச் சந்தா கட்ட வந்திருந்தார். எழும்பிப் போகும்போது கேட்டார்: "மகன் பிளேஸ்டேஷனில சேர்த்த பொயின்ட்ஸ் எல்லாம் முடியப் போகுதாம். வீட்டில ஒரே அந்தக் கதைதான். அது காசு மாதிரியா தம்பி?"

காசு மாதிரித்தான் அக்கா, ஆனால் திகதி போட்ட காசு என்றேன்.

அந்தப் புள்ளிகளைக் கொடுத்த 'பிளேஸ்டேஷன் ஸ்டார்ஸ்' என்ற திட்டத்தை சோனி 2022 இல் தொடங்கியது. சேர்வதற்குப் பணம் கட்டத் தேவையிருக்கவில்லை. கேம் வாங்கினாலோ, அவர்கள் சொல்லும் சவாலை முடித்தாலோ புள்ளி கிடைத்தது. அதைக் கொடுத்து வேறு கேம் வாங்கலாம். திரையில் மட்டும் அடுக்கிவைத்து அழகு பார்க்கும் பொம்மைகளும் உண்டு. 2025 ஜூலையோடு புள்ளி சேர்ப்பது நின்றுவிட்டது. கையில் இருப்பதைச் செலவழிக்க 2026 நவம்பர் 2 கடைசித் திகதி. உங்கள் வீட்டுப் பிள்ளையிடமும் மிச்சமிருந்தால் இன்றைக்கே சொல்லிவையுங்கள்.

இதற்கு முன்னோடி நின்டென்டோ. 'கிளப் நின்டென்டோ' ஜப்பானில் 2003 இலிருந்து 2015 வரை நடந்தது. கேம் பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். அதிலுள்ள இலக்கத்தைப் பதிந்து, நாலைந்து கேள்விகளுக்குப் பதில் எழுதினால் புள்ளி. பரிசாக நாட்காட்டி, இசைத்தட்டு, கேம் கார்ட் வைக்கும் பெட்டி என்று கையில் பிடிக்கக்கூடிய பொருட்கள் வீட்டுக்கு வந்தன. 1980 இல் வெளியிட்ட தங்கள் முதல் கையடக்க விளையாட்டு 'போல்', அதைக்கூட மறுபடி செய்து உறுப்பினர்களுக்குக் கொடுத்தார்கள். அடுத்து 2016 இல் வந்த 'மை நின்டென்டோ'வில், தரவிறக்கி வாங்கும் கேமின் விலையில் 5 சதவீதம் தங்கப் புள்ளியாகத் திரும்பக் கிடைத்தது. 2025 மார்ச்சில் தங்கப் புள்ளி கொடுப்பதையும் நிறுத்திவிட்டார்கள்.

ஏன் நிறுத்துகிறார்கள்? என் கணிப்பு இது. பெட்டியில் கேம் விற்ற காலத்தில், வாங்குபவர் யாரென்று நிறுவனத்துக்குத் தெரியாது. நடுவில் கடைக்காரர் நின்றார். அந்த நாலைந்து பதில்களுக்காகத்தான் பரிசு. இப்போது கணக்குத் திறந்த நிமிடத்திலிருந்தே நாம் எதை வாங்குகிறோம், எத்தனை மணித்தியாலம் விளையாடுகிறோம் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். கேட்டுத் தெரிந்துகொள்ள இனி என்ன இருக்கிறது?

எங்கள் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு மனவருத்தமும் உண்டு. பிளேஸ்டேஷன் கணக்குத் திறக்கும் நாட்டுப் பட்டியலில் இலங்கை இல்லை. கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியில் இருந்துகொண்டு சிங்கப்பூர்க்காரராக, அமெரிக்கராகப் பதிகிறார்கள். எந்த நாட்டின் பெயரில் கணக்கோ, அந்த நாட்டின் கிஃப்ட் கார்ட்தான் அதில் வேலை செய்யும். ஆகவே அம்மா அப்பாமாரே, கார்ட் வாங்கக் காசு கொடுக்குமுன், கணக்கு எந்த நாட்டின் பெயரில் என்று பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து ஒருமுறை பாருங்கள். ஏச வேண்டாம். ஆசையாகச் சேர்த்த பிள்ளை அது.

நானும் சேர்த்தவன்தான். பிளேஸ்டேஷன் 2 காலம். பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒடுங்கிய ஒரு கடையில் நாலு டீவி, நாலு மெஷின், மணித்தியாலக் கணக்கில் வாடகை. கடைக்கார நானா மேசையில் ஒரு சி.ஆர். கொப்பி வைத்திருப்பார். கரன்ட் போனால் மெழுகுதிரியைக் கொளுத்தி, யார் யாருக்கு எத்தனை நிமிடம் மிச்சம் என்று பெயர் போட்டு எழுதுவார். பத்து மணித்தியாலம் விளையாடியவனுக்கு ஒரு மணித்தியாலம் சும்மா. அதற்குப் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் ஒரு புள்ளடி.

உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கவென்று அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன். எட்டு மாதம் கழித்துப் போனபோது நானா ஒன்றும் கேட்கவில்லை. கொப்பியைப் பின்பக்கமாகப் புரட்டிக்கொண்டே போனார். ஓரம் மடிந்த ஒரு தாளில் விரலை வைத்தார்.

"தம்பி, ஒங்கட இருவது நிமிஷம் எழுதி வெச்சீக்கி. அந்தக் கடேசி டீவீல இரிங்க."

அன்புடன்,
ஆசிரியர்